கொழுந்துச் சம்பலுக்கு நான் எழுதிய பூர்வீகம்

1. முதல் நாள்

ஒரு ஹோட்டல் சமையலறையோடு ஒட்டியே இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். அத்தனை வருடத்தில் ஒரு முட்டையைக்கூட நான் அவித்ததில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. ஹோட்டல் தொழிலுக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு உதவும், பழைய அனுபவங்களை எழுதுங்கள் என்று கேட்டார்கள். உதவுமோ தெரியாது. நான் எழுதியே ஆகவேண்டிய அனுபவம் ஒன்று இருக்கிறது, அதனால் ஒப்புக்கொண்டேன்.

கண்டி ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஹோட்டல் அது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். எஃப் அண்ட் பி கந்தோரில் கிளார்க் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். எஃப் அண்ட் பி என்றால் ஹோட்டலில் சாப்பாடு, குடிவகை சம்பந்தப்பட்ட எல்லாம். அதற்கு மேனேஜராக இருந்தவர் தில்லையம்பலம், யாழ்ப்பாணத்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"சரித்திரத்தில டிஸ்டிங்ஷன். இங்கிலீஷும் பரவாயில்லை. டைப் அடிப்பீரோ?"

"அடிப்பேன், சேர்."

"ஊர் எது?"

"கட்டுகஸ்தோட்டை, சேர்."

கடைசிப் பதில் பொய். கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன், அவ்வளவுதான். நான் பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். அம்மா கொழுந்து பறித்தவள், அப்பா ஃபெக்டரியில் வேலை செய்தவர். நன்றாகப் படிக்கிறேன் என்று ஒரு பாதிரியார் கண்டியில் ஹொஸ்டலில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு வருடத்துக்குள் தோட்டத்துப் பேச்சை விட்டேன். விடாவிட்டால் மற்றப் பையன்கள் என்னைப்போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். பிறகு யார் ஊரைக் கேட்டாலும் வாய் தானாகவே வேறு ஊர் பெயரைச் சொல்லிவிடும். தில்லையம்பலம் சேர் எந்த ஊர்க்காரனுக்கும் அந்த வேலையைக் கொடுத்திருப்பார். பொய் சொல்லும்படி அவர் கேட்கவில்லை.

2. குலாஷ்

வெள்ளிக்கிழமை மத்தியான பஃபேயை "உலகச் சமையல்" என்று மாற்றியது தில்லையம்பலம் சேரின் யோசனை. ஆறு மேசை, ஆறு நாடு. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் ஒரு சிறிய வெள்ளைக் கார்டு. அதில் சாப்பாட்டின் பெயர், அது எங்கே, யாரால் முதலில் சமைக்கப்பட்டது என்று நாலைந்து வரி.

"தட்டில இருக்கிறது மட்டும் காணாது, நடேசன். கதையும் வேணும். கதையோட சாப்பிட்டவன் மற்றமுறை வரேக்க இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான்," என்றார்.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். குலாஷ் என்பது ஹங்கேரியில் மாடு மேய்த்தவர்கள் வெட்டவெளியில் இரும்புக் கொப்பரையைத் தொங்கவிட்டு ஆக்கியது. புய்யபேஸ் என்ற மீன் சூப், மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விலைபோகாத முள் மீன்களைச் சேர்த்துக் காய்ச்சியது. பயேயா என்பது ஸ்பெயினில் வயல்வேலை செய்தவர்கள் கையில் கிடைத்த முயலையும் அவரையையும் நத்தையையும் அரிசியோடு போட்டு மத்தியானத்துக்கு ஆக்கியது. மினெஸ்த்ரோனே, மிஞ்சிய மரக்கறி. நாசிகோரெங், மிஞ்சிய சோறு. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து உள்ளதை உள்ளபடி டைப் அடித்தேன்.

நான் புத்தகத்தில் பார்த்து வந்ததைச் சட்டியில் காட்டியவன் பெருமாள். அவனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். அவனும் மடுல்கெல்லப் பக்கத்தான்தான், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அது எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரிக்க வந்தவன், ஆறு வருடத்தில் அடுப்புக்கு முன்னேறியிருந்தான். ஆனாலும் இன்னும் கெஷுவல்தான். வேலை இருக்கும்வரை வரலாம், வேண்டாம் என்றால் அன்றைக்கே போகவேண்டும்.

ஹங்கேரி மிளகாய்த்தூள் கண்டியில் ஏது? பெருமாள் மாத்தளைச் செத்தல் மிளகாயை எடுத்து, விதையையெல்லாம் உதிர்த்துவிட்டு, தோலை மட்டும் லேசாக வறுத்து அரைத்தான். நிறம் வந்தது, உறைப்பு வரவில்லை. அவன் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டான். ஆகையால் குலாஷுக்கு உப்புப் பார்க்க ஸ்டோர் கீப்பர் நிஸார் நானாவைத்தான் கூப்பிடுவான்.

"நானா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நானா கரண்டியை வாங்கி ஊதிக் குடிப்பார். "உப்பு சரியா ஈக்கி. ஒறப்புத்தான் இல்ல."

"ஒறப்பு வேணாம் நானா. இது மாடு மேய்க்கிறவன் சாப்பாடு. சேர் படிச்சிட்டு வந்து சொன்னாரு."

"மேய்ச்ச மாட்டையே ஆக்கித் திண்டிட்டானா? நல்லா மேய்ச்சீக்கான்."

பெருமாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக எதைச் செய்யச் சொன்னாலும், "இத மொதல்ல யாரு சேர் செஞ்சது?" என்று கேட்பான். சொல்லிமுடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டான். ஒருநாள் பயேயாவைப் பற்றிச் சொன்னபோது சொன்னான்:

"உலகம் பூரா இல்லாதப்பட்டவன் ஆக்கினதத்தான் இருக்கிறவன் வந்து திங்கிறான் போலருக்கு, சேர்."

அந்த வார்த்தையை நான் ரசித்தேன். தில்லையம்பலம் சேரிடம்கூடப் போய்ச் சொன்னேன்.

3. நீலக் கார்டு

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் என் தவறு இதற்குள்தான் நடந்தது.

பஃபேக்கு வரும் ஒவ்வொரு புதுச் சாப்பாட்டுக்கும் கந்தோரில் ஒரு நீலக் கார்டு இருக்கும். அளவு, செய்முறை, கடைசியில் ஒரிஜின், அதாவது பூர்வீகம். உள்நாட்டுச் சாப்பாடு என்றால் பூர்வீகத்தைச் சமையற்காரன்தான் சொல்லவேண்டும், கந்தோர் டைப் அடிக்கும், கீழே சமையற்காரன் கையெழுத்துப் போடுவான். பொறுப்பு கையெழுத்துப் போட்டவனுடையது. அந்தக் கார்டைப் பார்த்துத்தான் மேசைக்கு வைக்கும் வெள்ளைக் கார்டை நான் அடிப்பேன். நீலக் கார்டு முழுவதும் ஆங்கிலம். பெருமாளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் தமிழில் சொல்வான், நான் பென்சிலால் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன், பிறகு ஆங்கிலத்தில் அடித்து நீட்டுவேன். அவன் கையெழுத்துப் போடுவான்.

எண்பத்தொன்றில் ஒருநாள் தில்லையம்பலம் சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். லண்டனிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வருகிறது, கூட்டிவரும் டூர் கம்பெனிக்கு நாங்கள் புதிது, இவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஆள் அனுப்புவார்கள் என்றார்.

"இலங்கை மேசையில எந்த நாளும் பொல் சம்பலும் பருப்பும்தான் இருக்கு. தேயிலை நாட்டுக்கு வாறாங்கள். தேயிலையில ஏதும் செய்யேலாதோ, பெருமாள்?"

"செய்யலாம் சேர். எங்க பக்கம் ஒண்ணு இருக்கு."

"நல்லா வந்தா உம்மட பெர்மனண்ட் லெட்டரை அடுத்த மாசமே நான் எழுதுவிப்பன். அது என்ர பொறுப்பு."

வெளியே வந்ததும் பெருமாள் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினான்.

"லெட்டர் இருந்தாத்தான் சேர் டவுன்ல வீட்டுக்காரன் நம்பி ரூம் குடுப்பான். மூத்தவ சரோஜா அஞ்சாம் வகுப்பு. தோட்டத்து ஸ்கூல்ல அதுக்கு மேல வகுப்பு இல்ல. டீச்சரம்மா என்னயக் கண்டா விடாது. இந்தப் புள்ளய நிப்பாட்டிராதீங்க, நிப்பாட்டிராதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

அடுத்த திங்கட்கிழமை லீவு முடிந்து வந்தவன், ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொதியை என் மேசைமேல் வைத்து அவிழ்த்தான். உள்ளே இளங்கொழுந்து. நான் கொப்பியை எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்று எழுதியதை ஒரு வார்த்தை மாறாமல் இங்கே தருகிறேன்:

"பஞ்சத்துல எங்கம்மா செஞ்சது. கடையில அரிசியும் இல்ல, மாவும் இல்ல. லயத்துப் பக்கத்துல எளங்கொழுந்தா ஒடிச்சி, பொடியா அரிஞ்சி, உப்புப் போட்டுக் கசக்கி, கசப்புத் தண்ணியப் பிழிஞ்சி ஊத்திட்டு, கொச்சிக்காயோட பெசஞ்சி குடுக்கும். ஒரு கிழங்குத் துண்டுக்கு அதத் தொட்டுக்கிட்டுத் திம்போம். நாங்க நாலு பேரு. அம்மாவுக்கு மட்டும் பசிக்காது. பசிக்கல, பசிக்கலன்னு சொல்லியே ரெண்டாம் மாசம் போய்ச் சேந்துச்சி. மடுல்கெல்ல."

எழுபதுகளில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தைச் சொல்கிறான். அந்த நாட்களில் நான் ஹொஸ்டலில் இருந்தேன். அங்கே மூன்று வேளையும் ஏதோ கிடைத்தது. ஒரு லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா எனக்கும் இதையே பிசைந்து தந்தாள். என் அம்மா பிழைத்துக்கொண்டாள்.

அவன் போனதும் கார்டை மெஷினில் ஏற்றினேன். ஒரிஜின் என்ற இடத்துக்கு வந்து, மடுல்கெல்ல என்ற பெயரின் முதல் ஐந்து எழுத்தை அடித்தேன். கை நின்றுவிட்டது. இந்தப் பெயரை அடித்தால், நாளை யாராவது "மடுல்கெல்ல எங்கே இருக்கிறது, நீ போயிருக்கிறாயா?" என்று என்னையே கேட்பார்கள் என்று தோன்றியது. பஞ்சம் என்று எழுதினால் விருந்தாளிகள் தொடமாட்டார்கள் என்றும் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். விலைபோகாத மீன், மிஞ்சிய சோறு என்றெல்லாம் நான் எழுதி, அவர்கள் அதைத் தொட்டு, இரண்டாம் தடவையும் வந்து வாங்கிப் போனதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒன்றை ஏற்றி இப்படி அடித்தேன்: "கண்டியின் கடைசி மன்னரின் காலை உணவில் தவறாது இடம்பெற்றது. அரண்மனைச் சமையற்காரர்கள் பனி உலருமுன் பறித்த இளம் தேயிலைக் கொழுந்தில் இதைத் தயாரித்தனர்."

சரித்திரத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கியவன் எழுதியது இது. கடைசி மன்னரை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டுபோனது எந்த ஆண்டு, இந்த நாட்டில் தேயிலை தோட்டமாக நடப்பட்டது எந்த ஆண்டு என்று பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதினேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று எழுதினேன்.

பெருமாள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நான் சொன்னதெல்லாம் சரியா வந்திருக்கா சேர்?"

"எல்லாம் சரியாக இருக்கிறது. இங்கே போடு."

தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினான்.

4. வெள்ளிக்கிழமை

ஹோட்டலுக்காகப் பெருமாள் அந்த உப்பு மிளகாயோடு தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் எலுமிச்சம்புளியும் சேர்த்தான். கொழுந்துச் சம்பல் துவையல்போலப் பச்சைப் பசேலென்று வெள்ளைக் கோப்பையில் இருந்தது. முதலில் பயந்து பயந்து கரண்டி நுனியில் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற ஐந்து மேசைகளில் நின்றவர்களும் இலங்கை மேசையைச் சுற்றி நின்றார்கள். கோப்பை இரண்டு தடவை நிரம்பியது. தில்லையம்பலம் சேர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெருமாள் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். வாலிப வயதில் இந்த மலைகளில் தேயிலைத் துரையாக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, உங்கள் மன்னர் மிகவும் பொறுமைசாலி, காலைச் சாப்பாட்டுக்குத் தேயிலை வந்து சேர ஐம்பது வருடம் காத்திருந்திருக்கிறார் என்றார். ஹோல் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, சம்பலை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டுதான் போனார்.

ஆனால் ஒரு பெண் குலாஷ் கார்டை எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் இதுவும் கதைதானா என்று கேட்டாள். இன்னொருவர் புய்யபேஸ் கார்டைத் திருப்பிப் போட்டார். டூர் கம்பெனிப் பிரதிநிதி சிரிக்கவில்லை. தில்லையம்பலம் சேரைப் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனார்.

5. மேனேஜரின் அறை

மூன்று மணிக்கு என்னையும் பெருமாளையும் கூப்பிட்டார்கள். மேசைமேல் நீலக் கார்டு கிடந்தது.

"ராசா தேயிலை திண்டவராம். சின்னப்பிள்ளையளுக்குத் தெரியும் அது பிழையெண்டு. முழு ஹோலும் சிரிக்குது. மேலிடத்துக்கு நான் இப்ப என்ன பதில் சொல்லுறது?" தில்லையம்பலம் சேர் சத்தம் போடவில்லை. "ஆர் இந்தக் கதையைச் சொன்னது?"

கொப்பி என் மேசை லாச்சிக்குள் இருந்தது. பத்து அடி நடந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். நான் சொன்னேன்:

"பெருமாள் சொன்னதைத்தான் டைப் அடித்தேன், சேர்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் ஊர் பெயர் என்னை மட்டும் பாதித்தது. இது அப்படியல்ல.

பெருமாள் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் ராசான்னு ஒண்ணும் சொல்லல சேர்," என்றான்.

"கையெழுத்து உம்மடதுதானே?"

"என்னோடதுதாங்க."

"பிறகென்ன? வாசிக்காமலோ போட்டனீர்?"

அவன் கார்டிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறான் என்று அன்று நினைத்தேன். தில்லையம்பலம் சேர் கார்டை ஃபைலுக்குள் வைத்தார்.

"நல்ல கைதான் உமக்கு. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த நேரம் லெட்டருக்கு உம்மட பேரைக் கொண்டுபோனா என்னைப் பைத்தியமெண்டுவினம். கொஞ்ச நாளைக்கு ஸ்டாஃப் கன்டீன்ல நில்லும். பாப்பம்."

வெளியே வந்து அவன் சமையலறைப் பக்கம் போனான், நான் கந்தோர்ப் பக்கம் போனேன். அன்று மாலை கொப்பியிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். எரிக்கவோ குப்பையில் போடவோ கை வரவில்லை. மடித்துச் சான்றிதழ் உறைக்குள் வைத்தேன்.

6. அதற்குப் பிறகு

பெருமாள் வேலைக்காரர்களுக்குச் சோறும் பருப்பும் ஆக்கினான். டூர் கம்பெனி கோபித்துக்கொண்டு போகவும் இல்லை, அடுத்த வருடமும் ஆள் அனுப்பியது. கொழுந்துச் சம்பல் மட்டும் மேசைக்குத் திரும்பவில்லை. உலகச் சமையலின் ஹங்கேரி மேசைக்கு வேறு ஆள் வந்தான். விதை எடுக்காமல் மிளகாய் அரைத்தான். நிஸார் நானா கரண்டியை வைத்துவிட்டு, "மாட்டுக்காரன் கோவத்தில ஈக்கான் போல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

லெட்டர் விஷயம் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம் வந்தது. எரிந்ததும் செத்ததும் போக மிஞ்சியவர்கள் வேலைக்குத் திரும்பியபோது ஹோட்டலில் விருந்தாளி ஒருவரும் இல்லை. பெர்மனண்ட் ஆட்களை அரைச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள். கெஷுவல் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பெருமாள் தன் கத்தி இரண்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவனிடம் லெட்டர் இருந்திருந்தால் அன்று அவனும் அரைச் சம்பளத்தில் உள்ளே நின்றிருப்பான். இதை யாரும் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

தில்லையம்பலம் சேர் அடுத்த வருடம் கனடா போனார். காலப்போக்கில் அவர் கதிரைக்கு நான் வந்தேன். ஆள் எடுக்கவும் லெட்டர் கொடுக்கவும் எனக்கு அதிகாரம் இருந்தது. பெருமாளைத் தேட ஒரு ஆளையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவன் திரும்பி வந்தால் தினமும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டி வரும்.

7. கெலிஓயா

ஓய்வு பெற்றபின் நிஸார் நானா சுகமில்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய ஆட்களைப் பற்றிப் பேசினோம். திடீரென்று சொன்னார்:

"பெருமாள் கெலிஓயாவில கட போட்டீக்கான். போய்ப் பாருங்களே. ஒங்களத் திங்கமாட்டான்."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. போவதற்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் பிடித்தது.

மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, நாலு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. மத்தியான நெரிசல் முடிந்திருந்தது. பெருமாள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்து, கண்ணில் ஒரு வெள்ளை படர்ந்திருந்தது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டான்.

"நடேசன் சேரா? வாங்க, ஒக்காருங்க. சரோஜா, நம்ம ஹோட்டல் சேர் வந்திருக்காரு."

உள்ளேயிருந்து நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்தாள். கையில் சோற்றுக் கரண்டி.

"கார்டு சேரா?" என்றாள்.

அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. பெருமாள் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் திரும்பிப் போய் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் பச்சையாக ஒரு பிடி கொழுந்துச் சம்பல்.

நான் தட்டைத் தொடவில்லை. உறையைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அன்று நடந்ததை முழுவதும் சொன்னேன்: அவன் சொன்னதை எழுதியது, ஐந்து எழுத்தோடு நிறுத்தியது, மன்னரைக் கொண்டுவந்தது, மேனேஜரிடம் சொன்ன ஒரு வரி.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ படி," என்றான் மகளிடம்.

அவள் நின்றபடியே படித்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தாள். "அம்மாவுக்கு மட்டும் பசிக்காது" என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

"இதப் போய் ராசா ஊட்டுச் சாப்பாடுன்னு எழுதினீங்களாக்கும்," என்றாள். "நான் அஞ்சாம் வகுப்போட நின்னேன் சேர். டீச்சரம்மா ஊட்டுக்கே வந்து கேட்டுச்சி."

அவள் காகிதத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அன்னைக்கு இது எங்க இருந்துச்சி சேர்?" என்று பெருமாள் கேட்டான்.

"லாச்சிக்குள்."

"ம்." காகிதத்தை நாலாக மடித்தான். "உங்க தோட்டத்துல எதப் போட்டுப் பெசைவாங்க? புளியா, வெறும் உப்பா?"

நான் அவனைப் பார்த்தேன்.

"அன்னைக்குப் பொதிய அவுத்து வச்சேன்ல? நான் பேசிக்கிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு ஒரு கொழுந்த எடுத்து ஒடிச்சிப் பாத்தீங்க. டவுன்காரன்னா மோந்து பாப்பான் சேர். லயத்துப் புள்ளதான் எளசா முத்தலான்னு ஒடிச்சிப் பாக்கும்."

ஒடித்தது எனக்கு ஞாபகமே இல்லை.

"அதை அன்றைக்கு மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை, பெருமாள்?"

"என்னான்னு சொல்ல? சொல்லியிருந்தா உங்க வேல போயிருக்கும். எனக்கு லெட்டர் வந்திருக்கவா போகுது? ரெண்டும் லயத்துப் பயலுக, ரெண்டும் பொய்யின்னு சேத்து அனுப்பியிருப்பாங்க. ஒருத்தனாவது உள்ள இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் நீங்களாப் போய்ச் சொல்லுவீங்கன்னும் நெனச்சேன். கோவம் இல்லன்னு நெனச்சிராதீங்க. ரொம்ப வருசம் இருந்துச்சி."

இப்போது இல்லையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவன் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"வெறும் உப்புதான். உப்பும் கொச்சிக்காயும். எங்க அம்மாவும் பசிக்கலன்னுதான் சொல்லும்."

ஹொஸ்டலில் விட்ட பேச்சு, ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டது.

"எங்கம்மாவும் அப்பிடித்தான் பெசையும். தேங்காப்பூ எல்லாம் ஹோட்டலுக்காக நான் சேத்தது," என்றான். "சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் லொறிக்காரர் ஒருவர் அந்தச் சம்பலை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். எழுந்திரிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இதன் உண்மையான பூர்வீகத்தை மூன்று மொழியிலும் அழகாக அடித்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டித் தருகிறேன் என்றேன்.

பெருமாள் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"நீங்க எழுத வேணாம் சேர். கேக்கிறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்."

ஹோட்டல் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒருவன் சொன்னதை நீங்கள் எழுதினால், அவனுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மேனேஜராக இருந்த வருடங்களில் அதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன். எதனால் வைத்தேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. ஹங்கேரிக்கார மாட்டிடையனைப் பற்றி உண்மை எழுத எனக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. அவன் தூரத்தில் இருந்தான்.

இந்தக் குறிப்பை அனுப்புமுன் கெலிஓயாவுக்குப் போய், பெருமாளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சரோஜாவும் கதவருகே நின்று கேட்டாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னான்: கிழங்கு என்றால் மரவள்ளி என்று எழுதவேண்டும், அவன் அம்மாவின் பெயர் அங்கம்மா. அன்று எழுதியதைத் தொடாமல், திருத்தத்தை இங்கே கடைசியில் சேர்த்துவிட்டேன் என்றேன். "திருத்தினதையும் படிங்க," என்றாள் சரோஜா. படித்தேன்.